டங்ஸ்டன் ஏலம் ரத்தானது, ஏலச் சட்டம் ரத்தாகவில்லை: மக்கள் கைவிட்ட கொள்கை ஏன் இன்னும் ஆள்கிறது?

வைகைக்கரை | 9 பிப்ரவரி 2025, காலை 10.12

மதுரை மாவட்டத்தின் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ஒன்றிய அரசு ஜனவரி 23 அன்று ரத்து செய்தது. மேலூர் வட்டாரம் வெடி போட்டுக் கொண்டாடியது. கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் அந்த ஏலத்தை நடத்தும் அதிகாரத்தை டெல்லிக்குக் கொடுத்த சட்டத் திருத்தம் 2023 ஆகஸ்டில் வந்தது. அது ஓர் எழுத்துகூட மாறவில்லை. டங்ஸ்டன் உட்பட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் இன்றைக்கும் ஒன்றிய அரசின் கையில்தான் இருக்கிறது. ஏல எல்லைக்குள் இருந்த அரிட்டாபட்டி தப்பித்தது. அடுத்து எந்த ஊர் என்பதுதான் தெரியவில்லை.

இதை முன்னிட்டு ஒரு பெரிய கேள்வியை இங்கே வைக்கிறேன். எதையும் தனியாரிடம் கொடு, மானியத்தை வெட்டு, மிச்சத்தைச் சந்தை பார்த்துக்கொள்ளும் என்ற தாராளமயக் கொள்கையை மனதார நம்புகிறவர்கள் இப்போது அரிது. 2008இல் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது, அதுவரை அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று சொல்லிவந்தவர்களே அரசுக் கஜானாவின் வாசலில் போய் நின்றார்கள். 70,000 கோடி டாலருக்கு மீட்புத் திட்டம் போடப்பட்டது. 2016இல் ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்களே, இந்தக் கொள்கைகளில் சில ஏற்றத்தாழ்வை வளர்த்தன, அந்த ஏற்றத்தாழ்வு வளர்ச்சியையே கெடுக்கிறது என்று எழுதினார்கள். நம் நாட்டில் ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று விளம்பரம் செய்த ஆட்சியை 2004இல் மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆட்சி போனது, கொள்கை போகவில்லை.

கிரேக்க நாட்டைப் பாருங்கள். கடன்காரர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று 2015 ஜூலை 5 அன்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 61 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரமே அதே அரசு அந்த நிபந்தனைகளுக்குத் தலையாட்டியது. வாக்கெடுப்பு நாளன்று அங்கே வங்கிகள் மூடிக் கிடந்தன. ஒருவர் ஒரு நாளைக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது. பக்கத்தில் இலங்கையும் அப்படித்தான். ஐ.எம்.எஃப். ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதுவோம் என்று சொன்ன இடதுசாரித் தலைவர் 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். நவம்பரில் 225 இடங்களில் 159 இடங்களை அவரது கூட்டணி வென்றது. ஒப்பந்தம் ஏறக்குறைய பழைய தடத்திலேயே ஓடுகிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கொள்கை மக்களின் சம்மதத்தால் நிற்கவில்லை. முடிவெடுக்கும் இடத்தை ஓட்டுச் சீட்டு எட்டாத தூரத்துக்கு ஒவ்வொன்றாக நகர்த்திவிட்டார்கள். கடன் நிபந்தனை, ஒப்பந்தம், ஆணையம், கவுன்சில், சிறப்பு நிறுவனம் என்று அந்த இடங்களுக்குப் பல பெயர்கள். நாம் ஆளை மாற்றுகிறோம்; ஆளுக்குக் கட்டுப்படாத ஏற்பாடு அப்படியே இருக்கிறது. மறுப்பவர்கள் எழுதுங்கள்.

கப்பலூர் பட்டறை | காலை 11.05

மறுக்கிறேன். மக்கள் கைவிட்டுவிட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கேட்டால் தனியார்மயம் வேண்டாம் என்பார்கள். பிள்ளையைச் சேர்ப்பது தனியார் பள்ளியில், நெஞ்சுவலி வந்தால் ஓடுவது தனியார் மருத்துவமனைக்கு. ஒருவர் வாயால் சொல்வதை மட்டும் கணக்கில் எடுத்தால் எப்படி?

1991க்கு முந்தைய காலத்தை நான் பார்த்திருக்கிறேன். தொலைபேசிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தோம். ஸ்கூட்டருக்கும் அதே கதைதான். சிமென்ட் மூட்டைக்குப் பர்மிட், இரும்புக்குக் கோட்டா. தொழில் தொடங்க நினைத்தவன் மெஷினைத் தேடுவதற்கு முன்னால் சிபாரிசைத் தேட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுமார் இரண்டு வார இறக்குமதிக்கு மட்டுமே தாங்கும் நிலைக்கு வந்தது. ஏறக்குறைய 47 டன் தங்கத்தை விமானத்தில் லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். அந்த நிலையில் யார் நிதியமைச்சராக இருந்திருந்தாலும் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்ததால்தான் என்னைப் போன்ற ஆட்கள் கடன் வாங்கி லேத் மெஷின் போட்டு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

குறை இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. மின்சாரத்துக்கான நிலைக்கட்டணத்தையும் உச்ச நேரக் கட்டணத்தையும் எதிர்த்து 2023 செப்டம்பர் 25 அன்று தமிழகம் முழுக்கச் சிறுதொழில் கூடங்கள் கதவடைத்தபோது நானும் ஷட்டரை இறக்கினேன். ஆனால் குறையைத் திருத்து என்பது வேறு, மொத்தமும் தவறு என்பது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

தல்லாகுளத்தார் | பிற்பகல் 12.40

பட்டறை நண்பர் சொன்ன பர்மிட் காலத்தை நானும் கண்டவன்தான். இருந்தாலும் காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், வைகைக்கரை கேட்ட கேள்விக்கு என் துறையிலிருந்தே ஒரு வரலாறு சொல்ல முடியும். இந்த மாதம் 1ஆம் தேதி பட்ஜெட்டில் காப்பீட்டில் அந்நிய முதலீட்டுக்கு 100 சதவீதம் அனுமதிக்கப் போவதாக அறிவித்துவிட்டார்கள். இந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்று பாருங்கள்.

1994இல், அரசு அமைத்த மல்ஹோத்ரா குழு, காப்பீட்டைத் தனியாருக்குத் திறக்கச் சொன்னது. நாங்கள் தெருவில் இறங்கினோம். மதுரைத் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினோம். பொதுமக்கள் மறுக்காமல் போட்டுக் கொடுத்தார்கள்; ‘எங்கள் பணம் அரசாங்கத்திடமே இருக்கட்டும்’ என்று சொல்லாத வீடு குறைவு. 1997இல் ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது மசோதா வந்தது. இடதுசாரிகளும் பா.ஜ.க.வும் எதிர்த்தார்கள், மசோதா திரும்பப் பெறப்பட்டது. இரண்டே ஆண்டுகள். 1999இல் அதே பா.ஜ.க. ஆட்சியில் சட்டம் நிறைவேறியது, அந்நிய முதலீட்டுக்கு 26 சதவீதம். பிறகு காங்கிரஸ் கூட்டணி ஆட்சி 49 சதவீதமாக்க 2008இல் மசோதா கொண்டுவந்தது. யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2011இல் 26 போதும் என்று அறிக்கை கொடுத்தது. அவர் அப்போது பா.ஜ.க. தலைவர்களில் ஒருவர். 2015இல் பா.ஜ.க. ஆட்சியே 49 ஆக்கியது. 2021இல் 74. இப்போது 100.

எதிர்க்கட்சியாக இருக்கும்போது எதிர்ப்பார்கள், ஆளுங்கட்சியாகும்போது உயர்த்துவார்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி அப்படியே செய்தன. அந்த எண் ஒரு முறைகூடக் கீழே இறங்கவில்லை. இதில் எந்தத் தேர்தலில், எந்தத் தொகுதியில் மக்கள் சம்மதம் சொன்னார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அது மனதுக்குக் கஷ்டமானது. 2022 மே மாதம் எல்.ஐ.சி.யின் 3.5 சதவீதப் பங்குகளை விற்றார்கள். பாலிசிதாரருக்குப் பங்குக்கு 60 ரூபாய் தள்ளுபடி, ஊழியருக்கு 45 ரூபாய். விற்பனையைக் கண்டித்து மதிய உணவு இடைவேளையில் கோஷம் போட்டவர்களில் சிலர் மாலையில் பங்குக்கு விண்ணப்பம் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண் கல்யாணத்துக்கு நாலு காசு சேர்க்க வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் அன்றிலிருந்து பங்கு விலை ஏற வேண்டும் என்ற கவலை அந்த வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. எதிர்ப்பவரையே சிறு பங்காளி ஆக்கிவிடுகிறது இந்த ஏற்பாடு. ஓட்டு எட்டாத தூரம் என்று வைகைக்கரை சொன்னது பாதிக் காரணம் என்றால், இது மறுபாதி.

செல்லூர் தறி | பிற்பகல் 1.30

தல்லாகுளத்து ஐயா சொன்னது நாலு பேர் அறிய நடந்தது. எங்கள் தொழிலில் நடந்தது வெளியே யாருக்கும் தெரியவே தெரியாது.

கைத்தறிக்குச் சிட்டா நூல், அதாவது கழியாகச் சுற்றிய நூல் வேண்டும். கூம்பில் சுற்றிய கோன் நூல் விசைத்தறிக்குத்தான் தோது. அதனால் நூற்பாலைகள் உள்நாட்டில் விற்கும் நூலில் 50 சதவீதத்தைச் சிட்டா நூலாகத் தர வேண்டும் என்று விதி இருந்தது. 2003இல் அதை 40 ஆக்கினார்கள். 2019இல் 30. கைத்தறிக்கு என்று 22 ரகங்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்போது மிஞ்சியிருப்பது 11. அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையில், ஊரெல்லாம் கொரோனாவில் முடங்கிக் கிடந்தபோது, கலைத்துவிட்டார்கள். ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்த எந்தக் கட்சிக்காரரும் சிட்டா நூலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாம் ஒரு பக்க அறிவிக்கையில் முடிந்துவிட்டது.

இதன் பலன் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். என் அம்மா காலை வெளிச்சம் வந்ததும் ராட்டையில் தார் சுற்ற உட்காருவார். நூல் விலை ஏறினால் பாவு போடக் கையில் காசு இருக்காது. காசு இல்லையென்றால் குழுக்கடன். வாரத்தில் ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பத்துப் பதினைந்து பெண்கள் பாஸ்புத்தகத்தோடு கூடுவார்கள். வசூலுக்கு வரும் பையன் கைக்கருவியில் ஒவ்வொரு பெயராகத் தட்டுவான். ஒருத்தியிடம் பணம் இல்லையென்றால் மற்றவர்கள் சேர்ந்து போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்திருக்க முடியும். குறுநிதி நிறுவனங்களுக்கு இருந்த வட்டி உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து எடுத்துவிட்டது. இதுவும் அந்தத் திண்ணைக்குத் தெரியாது. அங்கே நடக்கும் சண்டை, பணம் கொண்டுவராத சரசுவோடு நடக்கிறது, கொள்கையோடு நடப்பதில்லை.

பசுமலை மாணவன் | பிற்பகல் 2.15

நான் பிறந்தது 2003இல். பர்மிட் காலத்தையும் பார்த்ததில்லை, அரசு வேலை நிறையக் கிடைத்த காலத்தையும் பார்த்ததில்லை. எனக்கு இது ஒரு கொள்கையாகவே தெரிந்ததில்லை, உலகமே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கல்லூரி முடிந்து மாலையில் உணவு டெலிவரிக்குப் போகிறேன். சம்பளம் குறைந்தால் யாரிடம் கேட்பது? முதலாளி கிடையாது, மேலாளர் கிடையாது, போனில் ஒரு செயலி இருக்கிறது. ஹார்வி மில் சங்கு ஊதியபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே வாசலில் கூடினார்கள் என்று தாத்தா சொல்வார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பது ஓட்டல் வாசலில் பார்சலுக்குக் காத்திருக்கும் சில நிமிடங்கள்தான். அதிலும் அடுத்த ஆர்டர் யாருக்கு விழும் என்று போட்டி. எங்கள் வகுப்பில் வேலை கிடைக்காதவர்கள் எல்லோரும் தங்களுக்குத்தான் திறமை போதவில்லை என்று நம்புகிறார்கள். தன்னையே குற்றவாளியாக நினைப்பவன் கொள்கையை எங்கே கேள்வி கேட்பான்?

ஆனையூர் ஆசிரியை | மாலை 4.20

தம்பி, நீங்கள் பிறந்த அந்த 2003தான் எங்களுக்கும் கணக்கு. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்புத் திட்டம்தான். மாதாமாதம் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 சதவீதம் பிடிக்கிறார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே மூச்சில் வேலையை விட்டு நீக்கினார்கள். உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்டப்படியும் உரிமை இல்லை, தார்மீகப்படியும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. பெரும்பாலோர் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆளுங்கட்சி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. இதைவிடத் தெளிவாக மக்கள் எப்படிப் பேச முடியும்? ஆனாலும் பங்களிப்பு ஓய்வூதியம் நின்றது. 2006இல் ஆட்சி மாறியது, 2011இல் மாறியது, 2021இல் மாறியது. 2021இல் பழைய திட்டத்தைக் கொண்டுவருவோம் என்பது தேர்தல் வாக்குறுதி. இந்த வாரம் மூன்று பேர் கொண்ட குழு அமைத்திருக்கிறார்கள். அறிக்கைக்கு ஒன்பது மாதம் அவகாசம்.

மற்ற மாநிலங்களில் பழைய திட்டத்துக்குத் திரும்பப் பார்த்தார்கள். ராஜஸ்தான், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் எல்லாம் அறிவித்தன. ஊழியர்கள் பெயரில் சேர்ந்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டபோது, அப்படித் தரச் சட்டத்தில் இடமில்லை என்று ஓய்வூதிய ஒழுங்குமுறை ஆணையம் கைவிரித்துவிட்டது. பணம் பங்குச் சந்தையிலும் கடன் பத்திரத்திலும் போய் உட்கார்ந்த பிறகு, அதை எடுக்க முயலும் மாநிலம்தான் பொறுப்பற்ற மாநிலம் என்று பெயர் வாங்குகிறது. உள்ளே போகும்போது ஓர் அரசாணை போதும். வெளியே வருவதற்கு எத்தனை கதவு என்று பாருங்கள். இந்தக் கொள்கையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

வைகைக்கரை | மாலை 6.00

ஆசிரியை அம்மா சொன்ன கதவுகளை மதுரை மாநகராட்சி வரைக்கும் எண்ணிக் காட்டலாம்.

2022 ஏப்ரலில் தமிழகம் முழுக்கச் சொத்துவரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்ந்தது. உயர்த்தியது மாநில அரசு, திட்டு வாங்கியது கவுன்சிலர். ஆனால் அரசாணையின் ஆரம்பத்தில் என்ன எழுதியிருந்தது? சொத்துவரிக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்து, ஆண்டுதோறும் மாநில வளர்ச்சிக்கு ஏற்ப உயர்த்தினால்தான் 15ஆவது நிதிக்குழுவின் மானியம் உள்ளாட்சிக்கு வரும் என்பதுதான். மின்சாரத்திலும் இதே வழிதான். மாநிலங்கள் வாங்கும் கடனுக்கு உச்சவரம்பு உண்டு. அரசியல் சட்டத்தின் 293ஆவது பிரிவின்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும். மின்துறைச் சீர்திருத்தம் செய்தால் மாநில உற்பத்தியில் கூடுதலாக அரை சதவீதம் கடன் வாங்கிக்கொள் என்று 2021 முதல் ஒரு சலுகை வைத்தார்கள். மின்வாரியக் கடனை மாநில அரசு ஏற்கச் சொல்லும் ‘உதய்’ திட்டத்தை ஜெயலலிதா எதிர்த்துவந்தார். அவர் மறைந்த அடுத்த மாதம், 2017 ஜனவரியில், தமிழ்நாடு அதில் கையெழுத்திட்டது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியது. அதற்குப் பிறகு ஜூலை மாதம் பிறந்தாலே கட்டண உயர்வுப் பேச்சு. சென்ற ஜூலையில் 4.83 சதவீதம். கப்பலூர் நண்பரே, நீங்கள் ஷட்டரை இறக்கியது கடைசியில் இந்தக் கதவின் முன்னால்தான்.

ஜி.எஸ்.டி. வந்த 2017 ஜூலை முதல் விற்பனை வரியை நிர்ணயிக்கும் அதிகாரத்தின் பெரும்பகுதி சென்னைக் கோட்டையில் இல்லை. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் டெல்லி வேண்டாம் என்றால் ஒன்றும் நடக்காது. நம் ஊர்க்காரர் பழனிவேல் தியாகராஜன் நிதியமைச்சராக இருந்தபோது கவுன்சிலின் வாக்கு முறையை அங்கேயே கேள்வி கேட்டார்.

ஸ்மார்ட் சிட்டியை மறந்துவிடாதீர்கள். 2016 செப்டம்பரில் மதுரை தேர்வானது. பெரியார் பஸ் நிலையம், வைகைக் கரைச் சாலை என்று ஊரின் முகத்தையே மாற்றும் வேலைகள். நடத்தியது 100 வார்டுகளின் மாமன்றம் அல்ல. கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான ஒரு நிறுவனம். அந்த ஆண்டு அக்டோபர் முதல் 2022 வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது. பஸ் நிலையத்தில் எத்தனை கடை, எவ்வளவு நிழல், பூக்காரி எங்கே உட்காருவாள் என்பதை முடிவு செய்தவர்களில் ஓட்டு வாங்கி வந்தவர் எத்தனை பேர்?

நெல்பேட்டை மங்கை | இரவு 7.45

நீங்கள் எல்லோரும் எழுதியதைப் பார்த்தால் மக்கள் வெறும் கையோடு நிற்பது போல இருக்கிறது. அது உண்மை அல்ல. 2022 செப்டம்பர் 15 அன்று எங்கள் பகுதியில் ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் முதல்வர் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இப்போது எட்டரை மணிக்கு அந்தப் பக்கம் போனால் ரவா கிச்சடி வாசனை தெருவரைக்கும் வரும். பட்டினியோடு வந்து இரண்டாவது பீரியடில் வயிற்றைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 1997இல் ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று டெல்லி சுருக்கியபோது தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் போகிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இவையெல்லாம் ஓட்டுக்கு எட்டின விஷயங்கள்தானே?

தல்லாகுளத்தார் | இரவு 8.10

எட்டின விஷயங்கள்தான் அம்மா, அதை ஒரு நாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதுதான் இந்த ஏற்பாட்டுக்கு முட்டுக் கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வேலை நிரந்தரம் இல்லை, கூலி ஏறவில்லை, மருத்துவச் செலவு ஏறுகிறது. அந்தக் கோபம் தெருவுக்கு வராமல் 1,000 ரூபாய் தணிக்கிறது. 2009இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் உயிரைக் காப்பாற்றியது. அரசுப் பணத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வாய்க்காலையும் அதுவே வெட்டியது.

நெல்பேட்டை மங்கை | இரவு 8.32

சாப்பிடுகிற பிள்ளையிடம் போய் ‘நீ முட்டுக் கொடுக்கிறாய்’ என்று சொல்ல முடியுமா ஐயா? கூலி ஏற வேண்டும் என்று கேளுங்கள், நானும் வருகிறேன். அந்த 1,000 ரூபாய் வந்த பிறகுதான் எங்கள் தெருவில் சில பெண்கள் குழுக்கடன் தவணைக்குக் கணவனிடம் கையேந்தாமல் இருக்கிறார்கள். கோபத்தைத் தணிக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். கோபப்படுவதற்குத் தெம்பு கொடுக்கிறது என்று நான் சொல்கிறேன்.

கப்பலூர் பட்டறை | இரவு 9.15

எல்லாம் படித்தேன். மின்கட்டணத்தைப் பற்றி வைகைக்கரை சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நான் கோபப்பட்ட இடம் வேறு, முடிவான இடம் வேறு. ஆனால் என் அடிப்படைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மாற்று எது? 34 ஆண்டுகள் வங்காளத்தை ஆண்ட இடதுசாரிகளே சிங்கூரில் கார் தொழிற்சாலைக்கு நிலம் எடுத்தார்கள். நந்திகிராமில் 2007 மார்ச்சில் போலீஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். முதலீடு வேண்டும் என்றால் முதலீட்டாளர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்கே புரிந்திருந்தது. பழையது தோற்றது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. புதிதாக ஒன்றை யாரும் கையில் எடுத்துக் காட்டவில்லை. மக்கள் திட்டிக்கொண்டே இதிலேயே இருப்பதற்கு அதுதான் காரணம். இதைச் சதி என்று நான் சொல்ல மாட்டேன்.

தல்லாகுளத்தார் | இரவு 10.05

நியாயமான கேள்வி. சதி என்று நானும் சொல்லவில்லை. ஆனால் மாற்று இல்லாமல் போனது தானாக நடந்ததா? 1981இல் பிரான்ஸ் மக்கள் சோஷலிஸ்ட் தலைவர் மித்தெரானை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வங்கிகளை நாட்டுடைமையாக்கினார், குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினார். பணம் நாட்டை விட்டு வெளியேறியது, நாணய மதிப்பு விழுந்தது, 1983 மார்ச்சில் சிக்கனத்துக்குத் திரும்பிவிட்டார். பணத்துக்கு எல்லை கிடையாது, வாக்காளருக்கு எல்லை உண்டு. வங்காளத்தின் கதையும் அதே கதைதான். ஒரு மாநிலம் தனியாக நின்றால் முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயம்.

சிலியைப் பாருங்கள். 1973இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, சிகாகோவில் படித்த பொருளாதார நிபுணர்களை வைத்து இந்தக் கொள்கையை முதலில் நடத்திப் பார்த்த நாடு. 1980இல் அந்த ராணுவ ஆட்சியின் தலைவர் பினோசே கொண்டுவந்த அரசியல் சட்டம் அதைப் பாதுகாத்தது. 2019இல் மெட்ரோ கட்டணம் 30 பெசோ ஏறியதில் நாடே வெடித்தது. புது அரசியல் சட்டம் வேண்டும் என்று 2020இல் 78 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். எழுதிக் கொடுத்ததை 2022இல் 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2023இல் இன்னொரு வரைவு, அதுவும் தோற்றது. திருத்தங்களோடு பழைய சட்டம்தான் இன்றும் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்வதில் ஒன்றுபட்டவர்கள் எது வேண்டும் என்பதில் ஒன்றுபடவில்லை. உங்கள் கேள்வியின் கனம் எனக்குப் புரிகிறது நண்பரே. புதிதாக எழுதிய சட்டத்தைக் கண்டு மக்களுக்குப் பயம் வந்துவிட்டது.

தெற்குத்தெரு சம்சாரி | 10 பிப்ரவரி 2025, காலை 6.30

பெரிய நாடுகளைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது. ஆனால் எங்கள் பக்கம் ஏன் ஜெயித்தோம் என்று தெரியும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் காரணம், நாங்கள் ஏற்கெனவே அடிபட்டவர்கள். கீழவளவு, கீழையூர் பக்கம் கிரானைட் குவாரிகள் மலையைத் தோண்டிக் குளமாக்கியதைக் கண்ணால் பார்த்தோம். அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012இல் ஆட்சியராக இருந்த சகாயம் எழுதினார். குவாரி வந்தால் வேலை வரும் என்று யாரும் எங்களிடம் கதை சொல்ல முடியாது. இரண்டாவது, ஏலம் விட்ட இடம் சுமார் 5,000 ஏக்கர். அதற்குள் கண்மாய் இருக்கிறது, பெரியாறு பாசன வயல் இருக்கிறது, கோயில் இருக்கிறது, சமணர் படுக்கை இருக்கிறது. அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022இல் அரசே அறிவித்திருந்தது. நிலம் இல்லாதவனுக்கும் சாமி இருந்தது, ஆடு மேய்க்க மலை இருந்தது. அதனால் சாதி பார்க்காமல், கட்சி பார்க்காமல் எல்லோரும் வந்தார்கள். நவம்பர் 23 கிராம சபையில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரைக்கும் நடந்தோம். மேலூரில் ஒரு டீக்கடைகூடத் திறக்கவில்லை. என் சின்னம்மா முழங்கால் வலியோடு ஒத்தக்கடை தாண்டியும் நடந்தார். டிராக்டரில் ஏறச் சொன்னால் மறுத்துவிட்டார்.

செல்லூர் பிள்ளை சொன்ன சிட்டா நூலும், டீச்சரம்மாவின் ஓய்வூதியமும் கண்ணுக்குத் தெரியாது. எங்களுக்கு வந்தது மலை. அதைக் கையை நீட்டிக் காட்ட முடிந்தது. அதுதான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிக் காட்டுவது என்று படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பட்டறை அண்ணன் மாற்று எது என்று கேட்டார். எங்களுக்கு மாற்று ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஒருபோகம் நெல், ஆடு, மாடு, தென்னை. அதற்குத் தண்ணீரும் விலையும் கேட்கிறோம், வேறு எதுவும் கேட்கவில்லை.

வைகைக்கரை சொன்ன 2023 சட்டத்தைப் பற்றி மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் போட நினைக்கிறோம். எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் ஜனவரி 5உடன் முடிந்துவிட்டது. இப்போது தனி அலுவலர்தான். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுத வைக்க முடியுமா? வாசகம் எப்படி இருக்க வேண்டும்?

வைகைக்கரை | காலை 8.50

முடியும் அண்ணா. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை கிராம சபைதான். அதன் உறுப்பினர்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கும் நீங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டம் பழங்குடியினருக்காக வகுத்த ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், வடக்கே பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்கு இருக்கும் தனிச் சட்டப் பாதுகாப்பு நமக்குக் கிடையாது. நம் தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அதனால் ‘சுரங்கம் வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல் சட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வரைவு இதோ:

‘கனிமச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தத்தின் மூலம் 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசுக்குச் சென்றதை இக்கிராம சபை ஏற்கவில்லை. அவ்வதிகாரம் மாநில அரசுக்குத் திரும்ப வேண்டும். ஏல அறிவிப்புக்கு முன் சம்பந்தப்பட்ட எல்லாக் கிராம சபைகளின் ஒப்புதலையும் பெற வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும்.’

ஆனையூர் ஆசிரியை | காலை 9.05

‘ஒப்புதல்’ என்பதற்கு முன்னால் ‘எழுத்துப்பூர்வமான’ என்று சேருங்கள். பெரும்பான்மை எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் பத்துப் பேர் கையெழுத்தை வைத்து ஒப்புதல் என்று சொல்லிவிடுவார்கள்.

கப்பலூர் பட்டறை | காலை 9.40

ஏல அறிவிப்பைத் தமிழிலும் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள். இந்த ஏலத்துக்கு 2024 பிப்ரவரியிலேயே அறிவிப்பு வந்தது. ஊருக்குத் தெரிந்தது நவம்பரில். எங்கள் தொழிற்பேட்டைச் சங்கத்திலும் இதைப் பேசுகிறேன். மின்கட்டணத் திருத்தத்துக்கும் இதே போல முன்னறிவிப்பு கேட்கலாம்.

தெற்குத்தெரு சம்சாரி | காலை 10.15

எழுதிக்கொண்டேன். கிடாரிப்பட்டிக்கும் மாங்குளத்துக்கும் நகல் கொடுக்கிறோம். வல்லாளபட்டி பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. அவர்கள் எங்கே, எந்தக் கூட்டத்தில் தீர்மானம் போடுவது என்று யாராவது விசாரித்துச் சொல்லுங்கள்.